எதிர்த்திசையில் திறந்த மடை

மலேசியத் தமிழர்களின் இசை வரலாற்றில் 2006ஆம் ஆண்டு தனித்துக் குறிக்கத்தக்கது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் அவ்வாண்டில் 'யோகி பி – நட்சத்திரா' என்னும் பெயரில் 'வல்லவன்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அதில் இடம்பெற்ற 'மடை திறந்து' என்ற பாடல், அதுவரை ஆங்கிலத்துக்கும் மேல்தட்டு நகரவாசிகளுக்கும் உரியதாகக் கருதப்பட்டிருந்த ராப் இசையைத் தோட்டப்புறத்துத் தமிழர்களின் வீட்டுக் கூடம்வரை கொண்டுசேர்த்தது. ராப் என்பது பாடுவதற்கும் பேசுவதற்கும் இடைப்பட்டது. தாளக்கட்டு பிசகாமல், எதுகையும் இயைபும் அடுக்கடுக்காக வர, சொற்களை வேகமாகச் சொல்லிச் செல்லும் முறை அது. ராப்போடு இசைத்தட்டுச் சுழற்றல், தரையில் ஆடும் ஆட்டம், சுவரோவியம் ஆகியவையும் சேர்ந்த பண்பாட்டுக்கு ஹிப்-ஹாப் என்று பெயர். அந்த ஒரு பாடல் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகரான சிரம்பானை ஒட்டியுள்ள ராசா என்னும் ஊரில் எவ்வாறு கேட்கப்பட்டது, யார் யாரால் எதற்கெல்லாம் பயன்படுத்தப்பட்டது என்பதை, அவ்வூரில் அப்போது ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த ஒருவரின் நினைவிலிருந்து எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் 'கட்டுரையாளர்' என்று சுட்டப்படுபவர் அந்த மாணவரே.

ராசாவை அறிய வேண்டுமானால் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களை அறிய வேண்டும். மம்பாவ், ரந்தாவ், லாபு, சிலியாவ் என்று சிரம்பானைச் சுற்றி நீளும் பெயர்கள் யாவும் ஒருகாலத்தில் ரப்பர்க் காடுகளின் பெயர்களாகவே தமிழர் வாயில் வழங்கின. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னரும், மேற்பார்வையாளரான கங்காணியே தன் ஊரிலிருந்தும் தன் உறவிலிருந்தும் ஆள்கட்டிக் கொண்டுவரும் முறை நீடித்தது; 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடைசெய்த பிறகே அதுவும் நின்றது. விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, அதன்பின் மரம் சீவல், மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமத்தல், பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விடுதல் என்று நிரல்பட்டுக் கிடந்த அந்த வாழ்க்கை, ரப்பர் செம்பனையாகவும் செம்பனை வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியபோது கலைந்தது. லயத்து வீடுகளைக் காலிசெய்தவர்களில் ஒரு பகுதியினர் ராசாவின் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் வந்து குடியேறினர். தாமான் என்பது மலாய்மொழியில் பூங்காவைக் குறிக்கும் சொல், அங்கு குடியிருப்புப் பகுதிக்குப் பெயராகிவிட்டது. கட்டுரையாளரின் தந்தை ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவரின் மகன். ராசாவுக்கு வந்து லோரி ஓட்டினார்.

தோட்டத்திலிருந்து குடும்பங்கள் கொண்டுவந்த பொருள்களில் பாட்டும் ஒன்று. ஆனால் அந்தப் பாட்டு ஏறத்தாழ முழுவதும் கடல்கடந்து வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' போன்ற கப்பல்களில் வந்தவர்களின் தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் முதலில் வந்தன; பின்னர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களும், வானொலியின் தமிழ்ப் பகுதியும், அதன்பின் ஒலிநாடாவும் வந்தன. பாடலை உருவாக்கும் இடம் சென்னை, கேட்கும் இடம் மலாயா என்ற ஏற்பாடு எவராலும் வகுக்கப்படாமலேயே நிலைபெற்றுவிட்டது. உள்ளூரில் பாடியவர்கள் இருந்தார்கள். திருமணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மேடையேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைப் பாடலை எவ்வளவு நெருங்கிப் பாடுகிறார்கள் என்பதைக் கொண்டே மதிக்கப்பட்டார்கள். கட்டுரையாளரின் தந்தை வைத்திருந்த ஒலிநாடாக்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றுள் பல, விரும்பிய பாடல்களைப் பட்டியலிட்டுக் கடையில் கொடுத்துப் பதிவுசெய்து வாங்கியவை. ஒவ்வொன்றின் அட்டையிலும் நீலப் பேனாவால் பாடலின் முதற்சொல்லும், பக்கத்தில் 'எஸ்.பி.பி.', 'ஜேசுதாஸ்', 'ஜானகி' என்று பாடகர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். பாடகர் பெயரில்லாமல் அவர் ஒரு வரியும் எழுதியதில்லை.

அவ்வட்டைகளில் ஒன்றில் 'மடை திறந்து – எஸ்.பி.பி.' என்ற வரி இருந்தது. அது பாரதிராஜா இயக்கி 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாடல். படத்தில் இசையமைப்பாளராகும் கனவோடு நகரத்தில் அலையும் இளைஞனாகச் சந்திரசேகர் நடித்திருந்தார். கனவு கைகூடிவிட்டதாக எண்ணி அவன் துள்ளும் கணத்தில் அப்பாடல் வருகிறது. படம் வசூலில் வெற்றிபெறவில்லை, பாடலோ நிலைத்துவிட்டது. நகரத்தில் இடம்தேடும் ஒருவனின் பாட்டு, தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்களுக்கு ஏன் உவப்பாக இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

யோகி பி என்று அறியப்படும் யோகேஸ்வரன் வீரசிங்கம் தமிழ் ராப்பில் தொடங்கியவர் அல்லர். 1990களில் கோலாலம்பூரில் உருவான 'பொயட்டிக் அம்மோ' என்னும் குழுவில் முதன்மையானவராக இருந்தார். 1998இல் வெளிவந்த அக்குழுவின் முதல் தொகுப்பு ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டது. பல இனத்தவரும் கேட்கும் மலேசியச் சந்தையில் ஆங்கில ராப்பில் பெயர்பெற்ற ஒருவர் தமிழுக்குத் திரும்புவது வணிகக் கணக்கில் விரிவடைவதன்று, சுருங்குவதே. ஆயினும் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் சேர்ந்து முழுநீளத் தமிழ்த் தொகுப்பொன்றை அவர் உருவாக்கினார். அதற்கு முன் தமிழில் ராப் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1994இல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் வந்த 'பேட்டை ராப்' தமிழ்நாடெங்கும் பாடப்பட்டது. ஆனால் அது கதைக்குள் ஒரு வேடிக்கையாக நின்றது. ராப் பாடுவதையே தொழிலாகவும் அடையாளமாகவும் கொண்டவர்கள், திரைப்படத்தின் துணையின்றித் தம் பெயரிலேயே தமிழில் வந்து பரவலாக வெற்றி கண்டது 'மடை திறந்து' பாடலில்தான்.

அப்பாடலின் கட்டமைப்பு எளியது. இளையராஜாவின் பாடலிலிருந்து பல்லவியை எடுத்து, புதிய தாளத்தின்மேல் அமர்த்தி, சரணங்கள் இருக்க வேண்டிய இடங்களில் மூவரின் ராப் பகுதிகளை வைத்தார்கள். பழைய பாடலின் ஒரு துண்டை எடுத்துப் புதிய பாடலுக்கு அடித்தளமாக்கும் இம்முறை ஹிப்-ஹாப்பின் பிறவிக்குணம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தையே அப்பண்பாட்டின் பிறந்தநாளாகக் குறிப்பார்கள். அவர் செய்தது, இசைத்தட்டுகளில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை எடுத்து மீண்டும் மீண்டும் ஓட்டியதுதான். 1979இல் உலகம் அறிந்த முதல் பெரிய ராப் பாடலான 'ராப்பர்ஸ் டிலைட்'டும் 'ஷிக்' குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலின்மேல் கட்டப்பட்டதே. எனவே இளையராஜாவை எடுத்தாண்டதைத் திருட்டு என்று அன்று சிலர் சொன்னது, அந்த வடிவத்தின் இலக்கணம் தெரியாமல் சொன்னது. அடித்தளமாகக் கொண்ட பாடலை மறைக்காமல் வெளிப்படையாகக் காட்டி, அதனோடு உரையாடுவதே அவ்வடிவத்தின் மரியாதை.

பாடலின் பெயரையும் சற்று நின்று நோக்க வேண்டும். மடை என்பது ஏரியிலோ கால்வாயிலோ நீரைத் தடுத்துவைத்துத் தேவையான போது திறந்துவிடும் வாய். தடையின்றிப் பேசுபவரை 'மடை திறந்த வெள்ளம்' என்று சொல்வது தமிழில் நெடுங்கால வழக்கு. ராப் பாடுபவர்களை மதிப்பிடும்போது ஹிப்-ஹாப் உலகில் முதலில் பார்க்கப்படுவது, சொற்கள் தாளத்தின்மேல் எவ்வளவு தங்குதடையின்றி ஓடுகின்றன என்பதே. அந்த ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் நீரோட்டத்தைக் குறிப்பதே. எத்தனையோ படங்களின் பாடல்களைப் புரட்டி எதை எடுத்தாலும் எடுத்திருக்கலாம் என்ற நிலையில், தம் கலையின் முதன்மை இலக்கணத்தையே பெயராகக் கொண்ட பாடல் அவர்களுக்கு அமைந்தது. அதைத் தேர்ந்தது அறிந்தோ அறியாமலோ, பொருத்தம் முழுமையானது.

ராசாவுக்குள் அப்பாடல் வானொலி வழியாகவும், பசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையின் குறுந்தட்டுக் கடை வழியாகவும், பையன்களின் கைப்பேசிகள் வழியாகவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நுழைந்தது. பத்து ரிங்கிட்டுக்கும் குறைவான திருட்டுக் குறுந்தட்டுகள் குவிந்துகிடந்த கடையில் கட்டுரையாளர் அசல் தட்டைத் தேடி வாங்கினார். உள்ளூர்க்காரர்களின் தட்டைக் கள்ளப்பிரதியில் வாங்குவது தப்பு என்று வகுப்பு நண்பர்கள் தமக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள். சென்னைப் படப் பாடல்களுக்கு அந்த விதி கிடையாது. வீட்டில் முதன்முறை அதைப் போட்ட மாலையில் தந்தை லோரி வேலை முடிந்து வந்து, பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பல்லவி கேட்டதும் துண்டைத் தோளில் போட்டபடி கூடத்துக்கு வந்து நின்றார். முகத்தில் பழைய பாட்டுக்கான மலர்ச்சி இருந்தது. அடுத்து ராப் தொடங்கியதும் அந்த மலர்ச்சி குழம்பிப்போயிற்று. "என்னடா தம்பி இது, நல்ல பாட்டுக்கு நடுவுல நின்னு சண்ட போடுறானுங்க?" என்றார். மகன் பதில் சொல்லவில்லை. தந்தை போய்விடவும் இல்லை. பல்லவி மறுபடி வரும்வரை நின்றார், வந்ததும் தலையசைத்தார், மீண்டும் ராப் வந்தபோது, "யாரு இவனுங்க, மெட்ராஸ்காரனுங்களா?" என்று கேட்டார். "இல்லப்பா, கே.எல். பையனுங்க, நம்ப ஊரு" என்ற விடை அவரைச் சற்று யோசிக்கவைத்தது. அதன்பின் அவர் ராப்பைக் குறைசொன்னதாகக் கட்டுரையாளருக்கு நினைவில்லை.

அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் அப்பாடல் ராசாவில் ஒலிக்காத நிகழ்ச்சி அரிது. பள்ளி ஆண்டுவிழாவில் மாணவர்கள் அதற்கு ஆடினார்கள். திருமண விருந்து மண்டபத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்கு நுழைவதற்கு அதைப் போடச் சொன்னார்கள். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகளில் ஒலிபெருக்கிக்காரர் அதை இரண்டு மூன்று முறை ஓட்டினார். ஒட்டுக்கடைகளின் முன் நிறுத்திய கார்களின் பின்கண்ணாடி அதன் தாளத்துக்கு அதிர்ந்தது. இவற்றைவிடக் குறிப்பிடத்தக்கது வேறொன்று. கட்டுரையாளரின் வகுப்பில் தமிழ்ப் பாடத்தை வேண்டாவெறுப்பாகப் படித்துக்கொண்டிருந்த பையன்கள் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் தாங்களே ராப் வரிகள் எழுதத் தொடங்கினார்கள். எதுகை தேடுவதற்காக, கடைசி அடுக்கில் எவரும் தொடாமல் கிடந்த தமிழகராதியைப் புரட்டினார்கள். மேசையைத் தட்டித் தாளம் போட ஒருவன், சொல்ல ஒருவன், முடிந்ததும் எதிர்ப்பாட்டாகப் பதில் சொல்ல ஒருவன் என்று ஓய்வுநேரம் கழிந்தது. எழுதிய பொருள் பெரிதன்று: அம்மாவின் சமையல், மோட்டார் வாங்கித்தராத அப்பா, ஆசிரியரின் பிரம்பு. ஆனால் எழுதிய மொழி அவர்கள் வீட்டில் பேசிய மொழி; மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்த, 'நம்ப' என்றும் 'வந்துச்சி' என்றும் வழங்கும் தோட்டத்துத் தமிழ். சென்னைப் பாடல்களைப் பாடும்போது மறைத்துவைக்க வேண்டியிருந்த பேச்சு, முதன்முறையாக மறைக்க வேண்டாததாயிற்று.

பெரியவர்களிடமிருந்து எதிர்ப்பும் எழுந்தது. தமிழ் கெடுகிறது என்றனர் சிலர். ராப் கேட்கும் பையன் குண்டர்கும்பலில் சேர்வான் என்றனர் வேறு சிலர். தோட்டத்தை இழந்து நகரத்தின் ஓரத்தில் தங்கிய இளைஞர்களைப் பற்றிய அச்சம் அக்காலத்தில் சமூகத்தில் பரவலாக இருந்ததால் அந்தப் பேச்சை முற்றிலும் காரணமற்றதென்று தள்ளிவிட முடியாது. அதே காலத்தில், 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இண்ட்ராப் இயக்கம் நடத்திய பேரணி மலேசிய இந்தியர்களின் மனக்குறையை உலகறியச் செய்தது. 'மடை திறந்து' பாடலுக்கும் அப்பேரணிக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் இரண்டும் ஒரே தலைமுறையின் காதில் விழுந்தவை, வாயைத் திறக்கலாம் என்ற துணிவு வந்த ஆண்டுகளில் நிகழ்ந்தவை. இன்னொரு சாரார் நேர்மாறாக, ராப் ஏற்கெனவே நம்முடையதுதான், திருப்புகழின் சந்தமும் லாவணியும் ராப் அல்லாமல் வேறென்ன என்று வாதிட்டனர். சந்தத்தில் பழகிய காது ராப்பை எளிதில் ஏற்கும் என்பது உண்மை. ஆனால் பிராங்ஸ் தெருக்களில் கறுப்பின இளைஞர்களும் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களும் உருவாக்கியதை நம் பாட்டன் சொத்து என்பது நன்றியின்மை. இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் படைத்த கலை, இடம்பெயர்ந்த மற்றவர்களின் பிள்ளைகளுக்கு உதவியது என்று கொள்வதே நேர்மையான கணக்கு.

பாடலின் இரண்டாம் வாழ்வு தமிழ்நாட்டில் தொடங்கியது. இசைத் தொலைக்காட்சிகளில் அதன் காணொளி ஓட, சென்னைத் திரையுலகம் யோகி பியை அழைத்தது. வெற்றிமாறனின் முதல் படமான 'பொல்லாதவன்' 2007 தீபாவளிக்கு வெளிவந்தபோது, 1979இல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' பாடல் ஜி.வி. பிரகாஷ் குமாரின் இசையமைப்பில் புதுவடிவம் பெற்றது. அதில் யோகி பி ராப் பாடினார். பழைய பாடலும் புதிய ராப்பும் என்ற 'மடை திறந்து' சூத்திரமே அங்கு திரையேறியது. 2011இல் 'ஆடுகளம்' படத்தின் 'போர்க்களம்', 2017இல் அனிருத் இசையில் 'விவேகம்' படத்தின் 'சர்வைவா', 2018இல் சந்தோஷ் நாராயணன் இசையில் 'காலா' படத்தின் 'கற்றவை பற்றவை' ஆகியவற்றிலும் அவர் குரல் ஒலித்தது. மலேசியத் தோட்டத் தமிழரை மையமாகக் கொண்டு பா. இரஞ்சித் இயக்கிய 'கபாலி' 2016இல் வந்தபோது, அதன் 'உலகம் ஒருவனுக்கா' பாடலில் மலேசிய ராப் பாடகர் ரோஷன் ஜாம்ராக் ராப் பாடியிருந்தார். இதற்குள் தமிழ்நாட்டிலேயே 'ஹிப்ஹாப் தமிழா' போன்றோர் தோன்றி, தமிழ் ராப் என்பது வியப்புக்குரியதாக இல்லாமல் வழக்கமாகிவிட்டது.

இவ்வரிசையில் ராசாவாசிகள் கண்டு மகிழ்ந்தது நட்சத்திரப் புகழை அன்று. நூறாண்டுகளாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காக மட்டுமே கடலைக் கடந்த தமிழ்ப்பாட்டு, முதன்முறையாகக் கணிசமான அளவில் எதிர்த்திசையில் போயிற்று. ஆள்கட்டி அழைத்துவரப்பட்ட கூலிகளின் பேரப்பிள்ளைகளது பேச்சு, அவர்களின் பாட்டன்மார் கப்பலேறிய நாட்டுக்கு, விலைகொடுத்து வாங்கும் பொருளாகத் திரும்பிச் சென்றது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை உலகெங்கும் கொண்டுசென்றபோது, ராசாவில் அதைக் கேட்டவர்கள் தம் வீட்டு முதியவரின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். தோட்டம் என்பது பாட்டுக்குப் பொருளாகும் தகுதியுடையது என்று அவர்கள் அதற்குப் பதினைந்தாண்டுகள் முன்பே நம்பத் தொடங்கியிருந்தார்கள். 'மடை திறந்து' தோட்டத்தைப் பற்றிய பாடல் அன்று. ஆனால் அது தந்தையின் பாட்டை மகன் பிடுங்கிக்கொள்ளாமல், தந்தை பாடுவதற்குப் பல்லவியையும் மகன் பேசுவதற்குச் சரணத்தையும் பகிர்ந்து வைத்தது. வெட்டிப்போட்ட ரப்பர் மரங்களுக்குப் பதிலாக எதுவும் தரப்படாத ஒரு சமூகத்தில் இந்தப் பங்கீடு சிறியதன்று.

கட்டுரையாளரின் ராசா வீட்டில் அந்தக் குறுந்தட்டு இன்றும் ஒலிநாடாக்களின் வரிசையிலேயே செருகப்பட்டிருக்கிறது. அவற்றில் பலவற்றை ஓட்டுவதற்குக் கருவி இப்போது இல்லை. குறுந்தட்டின் அட்டையிலும் தந்தை தம் வழக்கப்படி நீலப் பேனாவால் எழுதிவைத்திருக்கிறார். பாடலின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நம்ப ஊரு' என்று இருக்கிறது.